சமையலறைக் காது

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். பிழைப்பும் பைத்தியமும் ஒரே மாதிரி அமைந்துபோன மனிதர் அவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். இருட்டு அறையில் வருகிறவர்களை உட்கார வைத்து, கனமான சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போடுவார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவார். "இதுல நல்லாத் தெரியுதா, அதுல நல்லாத் தெரியுதா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குங்க" என்று வந்தவர் சலித்துக்கொண்டாலும் முகம் சுளிக்க மாட்டார். "அவசரமே இல்ல, மறுபடியும் காட்டறேன். இதுவா, அதுவா?" என்பார். அந்தப் பொறுமைக்காகவே கடை முதலாளி அவரை விடாமல் வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் அதே கேள்வி எனக்கு. கண்ணுக்குப் பதில் காது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கல்யாணமான புதிதிலேயே அதை அவருக்குத் தெரியப்படுத்திவிட்டேன்.

அவரிடம் இருப்பது எலெக்ட்ரிக் கிட்டார். அது தனியாக ஒன்றுக்கும் ஆகாது. உள்ளே கூடு கிடையாது, வெறும் கட்டை. மீட்டினால் அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். மேலே கம்பி அதிர்வதை அதுதான் பிடித்து ஒயர் வழியே அனுப்பும். ஒயரின் மறுமுனையில் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி நின்றுகொண்டு அதை வாங்கித் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். பிக்கப்பை மாற்றினால் சத்தம் மாறும், ஆம்பை மாற்றினால் மாறும், ஒயரை மாற்றினாலும் மாறும் என்பார். ஒயரை மாற்றினால் என்ன பெரிதாக மாறிவிடப்போகிறது என்று ஒரு முறை வாயைக் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விளக்கம் கேட்டேன். அதற்குப் பிறகு ஒயரைப் பற்றி நான் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கிற நாள். கூடத்தில் அவர் ஆம்ப் முன்னால் உட்காருவார். நான் சமையலறையில் நிற்க வேண்டும். "எதிர்ல உக்காந்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ரெண்டு சுவரைத் தாண்டி வந்தாத்தான் எது நிஜம்னு தெரியும். உனக்கு இருக்கறது சமையலறைக் காது" என்பார். பாராட்டா, வேலை வாங்குகிற சாமர்த்தியமா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் வாசிக்கும்போது நான் குழாயைத் திறக்கக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது, நறுக்குகிற கத்தி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பிக்கப்பில் ஒரு வரி வாசிப்பார். பிறகு கம்பிகளைத் தளர்த்தி, மூக்குக்கண்ணாடித் திருப்புளியால் மேல்தகட்டைக் கழற்றி, இரண்டு ஒயர்களைச் சுட்டுப் பற்றவைத்து, வேறு பிக்கப்பைப் பொருத்தி, மறுபடி கம்பியைச் சுருதி கூட்டி, அதே வரியை வாசிப்பார். அதற்குள் அடுப்பில் பாதிச் சமையல் முடிந்திருக்கும். முதலில் கேட்டதை நான் தலைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

"இதுவா, அதுவா?"

"முன்னாடி வாசிச்சது ஈரத்துணி. இது கஞ்சி போட்டது."

"ரொம்ப வெறைப்பா இருக்கா?"

"தோச்சவங்க கையை அறுக்கற மாதிரி இருக்கு. போதுமா? நான் குழாயைத் தொறக்கலாமா?"

நான் சொல்கிற வார்த்தையைத்தான் அவர் நம்பினார். ஒவ்வொரு பிக்கப்பையும் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, மேலே 'ஈரத்துணி', 'கஞ்சி', 'பிழியாதது' என்று சீட்டு ஒட்டி அடுக்கி வைத்திருந்தார். விருந்தாளி யாராவது வந்து அலமாரியைத் திறந்தால் இது என்ன சலவைக் கடையா என்று கேட்பார்கள்.

சலவைக் கடைதான். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அதன் மாடியில் ஒரு இசைக்குழு பயிற்சி செய்யும். பாடகர், கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார் என்று நாலு பேர். விசேஷ வீடுகளில் வாசிக்கிறவர்கள். பொழுதெல்லாம் அடுத்தவர்கள் பாட்டைத்தான் வாசிப்பார்கள். எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு மட்டும் கிட்டார் தனியாக ஒரு பாட்டு வாசிக்கும். அதற்கு வார்த்தை கிடையாது, எங்கேயும் கேட்டது கிடையாது. முதல் வரி யாரோ படியேறி வருகிற மாதிரி இருக்கும். இரண்டாவது வரி கொஞ்சம் தயங்கி நிற்கும். மூன்றாவதில் மனம் மாறும். கடைசி வரி உச்சத்துக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மெல்ல இறங்கும். தளத்தின் வழியாக, நீராவியின் ஊடாக அது என் தலைமேல் வந்து விழும். அந்த நேரத்துக்கென்று நல்ல சட்டைகளை எடுத்து வைத்திருப்பேன்.

ஒரு நாள் மூன்றாவது வரியில் பாட்டு நின்றுவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மாடியேறினேன். "யாருங்க பாதியில நிறுத்தினது? கீழ ஆள் இருக்கோம்ல?"

டீ வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பிவந்த டிரம்ஸ்காரர் பயந்துபோய், "மன்னிச்சுக்கங்க, சத்தத்தைக் குறைச்சுக்கறோம்" என்றார்.

"குறைக்கச் சொல்லலை. முடிக்கச் சொல்றேன்."

மூலையில் ஒல்லியாக ஒருவர், கிட்டாரைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கடைசி வரியை வாசித்து முடித்தார். நான் நின்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அந்த ஒல்லிக்குச்சியைத்தான் கட்டிக்கொண்டேன். அவரா பாட்டா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பாட்டு என்றுதான் சொல்லியிருப்பேன், அவரிடமே அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

கல்யாணத்தோடு குழு கலைந்தது. என் ராசி என்று கேலி செய்வார்கள். பாடகர் கடல் கடந்து போனார். கீபோர்டுக்காரருக்கு நிரந்தர உத்தியோகம் கிடைத்தது. டிரம்ஸ்காரர் மெத்தைக் கடை வைத்தார். "இப்பவும் தட்டிக்காட்டித்தான் பொழைக்கறேன் அண்ணி" என்பார். மாடியில் இருந்த ஆம்ப் வாடகைக்கு எடுத்தது. பல்பு மாதிரி கண்ணாடி வால்வு வைத்த பழைய பெட்டி. ஸ்விட்சைப் போட்டதும் பேசாது, வால்வு சூடாகிச் சிவக்கிறவரை காத்திருக்க வேண்டும். வாடகைக் கடைக்காரர் அதை யாருக்கோ தள்ளிவிட்டார்.

எங்கள் முதல் வீட்டில், சாமான்களைப் பிரித்து வைத்த கையோடு, அவர் கிட்டாரை ஒரு சின்ன ஆம்பில் செருகி அந்தப் பாட்டை ஆரம்பித்தார். நான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டேன். முதல் வரி முடிந்ததும் நிறுத்திவிட்டார்.

"ச்சே. இது அந்தச் சத்தம் இல்லை."

"பரவாயில்லை, வாசிங்க."

"இல்லம்மா. நீ கேட்டது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். சத்தம் சரியா வரட்டும், முழுசா வாசிக்கறேன்."

எவ்வளவு பிரியமாகச் சொன்னார்! நானும் உருகிப்போய்ச் சரி என்றேன். அந்தச் சரிக்குத்தான் இத்தனை வருஷம் அனுபவித்தேன். அதற்குப் பிறகு அவர் வாசித்ததெல்லாம் முதல் வரிதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரி போதுமே. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் முதல் வரி. அது டியூப்லைட் எரியும்போது கொசு மாதிரி ரீங்கரிக்கிறது என்று, இரண்டு சுருளைச் சேர்த்து வைத்த ஹம்பக்கரில் முதல் வரி. கழுத்துப் பக்கப் பிக்கப்பில் முதல் வரி, அடிப்பக்கப் பிக்கப்பில் முதல் வரி. பிக்கப்பை மாற்றுவதற்குள் காது மறந்துவிடுகிறது என்று அதே மாதிரி இன்னொரு கிட்டார் வந்தது. இரண்டு கிட்டாரும் ஒரே மாதிரி இல்லை என்று அதன் கழுத்தைக் கழற்றி இதில் மாட்டி, இதன் கழுத்தைக் கழற்றி அதில் மாட்டி, அப்புறமும் முதல் வரி. எங்கள் மகளுக்குத் தாலாட்டும் அதுதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவருக்கு 'டொய்ங் மாமா' என்று பேர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

நல்ல மனிதர். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மூக்குக்கண்ணாடியைத் தினமும் காலையில் அவரே துடைத்துத்தான் வைப்பார். குறை சொல்ல ஒன்றுமில்லாத ஆளிடம் ஒரே ஒரு குறையை வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது அந்தப் பாட்டின் மிச்சம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆசையாக இருக்கும். ஏங்கி ஏங்கிக் கடைசியில் எரிச்சலாக வரும். அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து, "இதுவா, அதுவா?"

அந்தப் பழைய ஆம்பும் ஒரு நாள் திரும்பி வந்தது. இடிக்கப்போகிற ஒரு பழைய அரங்கத்தின் சாமான் அறையில் டிரம்ஸ்காரர் கண்ணில் பட்டிருக்கிறது. மெத்தை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கைப்பிடியில் என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் சுற்றிய சிவப்பு டேப்கூட அப்படியே இருந்தது. அவர் ஸ்விட்சைப் போட்டார். வால்வு சிவக்கிறவரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் போய்ச் சமையலறையில் நின்றேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. இதோ வரப்போகிறது, இரண்டாவது வரி, மூன்றாவது வரி எல்லாம் வரப்போகிறது என்று சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் வரி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது இல்லை.

"என்னம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாள் முழுவதும் அடுத்தவர் பதிலை எடை போடுகிறவருக்கு, வாய்க்கு வந்ததைச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். "இது இல்லைங்க" என்றேன்.

டிரம்ஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் அண்ணி, ஒரு ஆமா சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

என் வீட்டுக்காரர் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து ஆம்பின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். நான் ஈரக்கையோடு கூடத்துக்கு வந்து, "எனக்கு வேண்டியது சத்தம் இல்லைங்க, பாட்டு" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார். அவருக்கு அது அப்படித்தான்.

போன வருஷம் என் காதில் ஏதோ குறைந்தது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் தெரியாமல் கருக்கிவிட்டேன். மகள் ஊரிலிருந்து போனில் கூப்பிட்டால் மணி அடித்தது தெரியாது. கவனக்குறைவு என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்திலிருந்து வழக்கம்போலக் குரல் வந்தது.

"இதுவா, அதுவா?"

"எதுவா எதுவா? ஒண்ணையே ரெண்டு தடவை வாசிச்சுட்டு என்னங்க கேள்வி?"

கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை கையிலிருக்க, சமையலறை வாசலில் வந்து நின்றார். "வெளையாடாத. ஒண்ணு பளிச்சுனு இருக்கும், ஒண்ணு மந்தமா இருக்கும். நல்லாக் கேளு." போய் மறுபடி வாசித்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். இருட்டு அறையில் எத்தனை பேர் அவரிடம் அதைச் சொல்லியிருப்பார்கள். இரண்டு வில்லைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் கோளாறு வில்லையில் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றார்.

காது டாக்டர் சின்னப் பெண். என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். ரொம்ப நேரம் எதுவுமே வரவில்லை. இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தால், கெட்டது நான்தானாம். "கீச்சுனு வர்ற மேல் சத்தமெல்லாம் போயிட்டிருக்கும்மா. கொஞ்சம் கொஞ்சமா கீழயும் வரும். எவ்வளவு நாள்ல வரும்னு சொல்ல முடியாது."

"மெஷின் வெச்சா?"

"பேச்சு புரியும். பாட்டு மட்டும் பழைய மாதிரி இருக்காது. தகரத்துல தட்டற மாதிரி இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். "ஏங்க, மெஷின் வைக்கறதுக்கு முன்னாடி, என் சொந்தக் காதால அந்தப் பாட்டை முழுசா கேக்கணும். கடைசியா ஒரு தடவை."

"கண்டிப்பாம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிடுவார் என்றுதான் நம்பினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? டாக்டர் கொடுத்த காதுப் பரிசோதனைக் கோட்டுப்படத்தை மனப்பாடம் செய்துகொண்டு புது வேட்டை ஆரம்பித்தார்! என் காதில் எது எட்டும், எது எட்டாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். பளிச்சென்று பேசுகிற பிக்கப்பெல்லாம் இனி வீண், கழுத்துப் பக்கம் தடிமனான ஹம்பக்கர் வேண்டும், ஆம்பில் நடுச்சத்தத்தை ஏற்ற வேண்டும், பெரிய ஸ்பீக்கர் வேண்டும். "ஆளுக்கு ஆள் கண்ணாடி செய்யற மாதிரிம்மா. உன் காதுக்கு அளவெடுத்து ஒரு சத்தம் செய்யப்போறேன்." கண்ணில் வெளிச்சத்தோடு சொன்னார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எப்படித் திட்டுவது? திரும்பவும் முதல் வரி. திரும்பவும் இதுவா, அதுவா.

வாரங்கள் போயின. வாசல் மணி எனக்குக் கேட்காமல் போனது. விடிகாலைப் பறவைகள் எங்கேயோ குடிபோய்விட்டன என்று நினைத்தேன். அவை மரத்தில்தான் இருந்தன. மகள் போனில் கத்தினாள். "அம்மா, அப்பாகிட்ட குடு, நான் கேக்கறேன் அந்த மனுஷனை." கொடுத்தேன். அவர் அவளுக்கும் ஹம்பக்கர் என்றால் என்ன என்று விளக்கிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "அம்மா, இவரை வெச்சுக்கிட்டு நீ எப்படிம்மா காலம் தள்ளுன?" என்றாள். அது எனக்கு ஒழுங்காகக் கேட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு வேளை. கூடத்தில் இரண்டு கிட்டாரும் ஆம்பும் பரப்பிக் கிடந்தன. நான் சமையலறையில் நின்று முதல் வரியைக் கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு அடிச்சத்தம்தான் வந்தது. இன்னொரு தடவை வாசித்தார். அதைவிடக் குறைவாக வந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதுவும் இருக்காது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். நேராக வாசல் பக்கம் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

"கரண்ட் போயிடுச்சா?"

"போகலை. நான்தான் நிறுத்தினேன். இப்ப வாசிங்க."

"ஆம்ப் இல்லாம இது வெறும் கட்டைம்மா. உனக்கு எப்படிக் கேக்கும்?"

"பக்கத்துல உக்காந்தா கேக்கும். கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்து ரெண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நிக்க வெச்சிருக்கீங்களே, என்னைக்காவது பக்கத்துல வந்து உக்காருன்னு சொல்லியிருக்கீங்களா?"

"இன்னும் ஒரே ஒரு பிக்கப் பாக்கி இருக்கு. அது மட்டும்..."

"அந்த ஒண்ணுக்கப்புறம் இன்னொண்ணு. எனக்குக் காது போய்க்கிட்டே இருக்குங்க! உங்களுக்கு அது உறைக்கலையா?"

அவர் கிட்டாரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்து ஏதோ முனகினார். என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "கடைசியா ஒரு தடவைன்னு பஸ்ஸுல சொன்னியே. கடைசின்னு சொன்னப்புறம் எப்படி வாசிக்க வரும்? வாசிச்சு முடிச்சா முடிஞ்சிடும்ல. சரியான சத்தம் கிடைக்காத வரைக்கும் நீ கேக்க வேண்டியது மிச்சம் இருக்கு. மிச்சம் இருக்கற வரைக்கும் உன் காது போகாதுன்னு... பைத்தியக்காரத்தனம்தான். எனக்கே தெரியுது."

இவ்வளவு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு, பிக்கப்பைப் பற்றிப் பேசியதைக் கழித்துவிட்டால். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மனிதர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, கிட்டாரின் மேல்விளிம்பில் என் காதை வைத்து அழுத்திக்கொண்டேன். கட்டை சில்லென்று இருந்தது. "ம்" என்றேன்.

முதல் வரி வாசித்தார். கட்டை வழியாக, தாடை எலும்பு வழியாக வந்தது. சின்னதாக, ஆனால் முழுசாக வந்தது. வரி முடிந்தது. அவர் கை அங்கே நின்றது. வலது கை தானாக ஆம்ப் ஸ்விட்ச் இருக்கிற பக்கம் போனது.

"அது எதுக்கு இப்ப? மேல வாசிங்க."

மறுபடி முதல் வரியை ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றார். விரல்கள் கம்பியின் மேல் தடவிப் பார்த்தன, ஒன்றிரண்டு இடத்தில் அழுத்தின, விலகின. என்னைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட ஆள் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"வரலைம்மா. மறந்துபோச்சு."

"அடப்பாவி மனுஷா! சொந்தப் பாட்டையா?"

முதல் வரியையே தேய்த்துத் தேய்த்து மீதியைத் தொலைத்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பிறகு நானே இரண்டாவது வரியைப் பாடினேன். பாட்டு என்றால் என்ன, 'ந ன ன நா' என்று தொண்டையைச் செருமிக்கொண்டு இழுத்ததுதான். எனக்குச் சாரீரம் கிடையாது. அவர் முன்னால் நான் ஒரு நாளும் வாயைத் திறந்து பாடியது கிடையாது. ஆனால் எனக்கு மறக்கவில்லை. எப்படி மறக்கும்? எத்தனை சட்டைக் காலர், எத்தனை பாத்திரம், எத்தனை மடிப்பு. அதில் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்த பாட்டு.

அவர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு விரலை வைத்தார். நான் பாடியதை அவர் வாசித்தார். மூன்றாவது வரியில் நான் ஒரு இடத்தில் தப்பாகப் போனேன். அவர் கை அதைத் திருத்திக்கொண்டு போனது. அவர் முகத்தைப் பார்த்தேன், ஞாபகம் வந்துவிட்டது தெரிந்தது. அதற்குமேல் நான் பாட வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு காதை அழுத்தினேன்.

முதலிலிருந்து வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்காமல் போனது. நான்காவது வரியில் அவர் விரல்கள் கழுத்தில் இறங்கி, மெல்லிய கம்பிகளில் உச்சத்துக்குப் போயின. அங்கே எனக்கு ஒன்றுமில்லை. விரல்கள் போவதும் வருவதும் தெரிந்தது. காதில் வெறும் கட்டைதான் இருந்தது.

"நல்லா இருந்துச்சு" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவரிடம் அது முடியாது. "அங்க எனக்கு எதுவும் வரலைங்க" என்றேன்.

ஹம்பக்கர் என்று சொல்லப்போகிறார், எழுந்து அலமாரிக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. கொஞ்ச நேரம் கம்பிகளைப் பார்த்தார். பிறகு இடது கையைக் கழுத்தின் மறுமுனைக்கு, தடித்த கம்பிகளுக்குக் கொண்டுபோனார். அதே கடைசி வரியை அடியில் வைத்து வாசித்தார். நான் மாடிக்குக் கீழே நின்று கேட்டது இல்லை அது. அது இனிமேல் வராது. அப்போது பறந்து போன வரி இப்போது நடந்துதான் வந்தது, வயசாளி படியேறுகிற மாதிரி ஒவ்வொரு சுரத்திலும் நின்று நின்று வந்தது. ஆனால் வந்தது. கன்னத்திலும் பல்லிலும் வந்து தட்டியது. நான் அழுதேன், அவருக்குத் தெரிகிற மாதிரியே அழுதேன்.

கடைசிச் சுரத்தை வாசித்துவிட்டு, வழக்கம்போலக் கம்பியை அடக்குவதற்காக உள்ளங்கையை வைக்கப் போனார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கை வைக்காதீங்க. இன்னும் வந்துக்கிட்டிருக்கு. அது தானா நிக்கட்டும்."